ஸ்விஃப்டில் 16 அங்குல அலாய் வீல் போட்டபின் பிக்கப் இல்லை: காரணம் எடையா?

எடையைவிட டயரின் உயரம்தான் பிக்கப்பைக் குறைத்திருக்கிறது. பழைய 165/80 ஆர்14 டயரின் (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்) விட்டம் சுமார் 620 மி.மீ. நீங்கள் மாட்டிய 205/60 ஆர்16 சுமார் 652. ஐந்து சதவீதம் பெரிது. எல்லா கியரிலும் இழுவை அதே அளவு குறையும். தேவகோட்டை ரோட்டில் பஸ்ஸை முந்த மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது என்றீர்களே, அதனால்தான்.

எடைக்கும் பங்கு உண்டு. சக்கர விளிம்பில் கூடும் ஒரு கிலோவை நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். அதனால் வேகமெடுக்கும்போது கிட்டத்தட்ட இரண்டு கிலோவாக உறைக்கும். சக்கரத்துக்கு 4 கிலோ கூடினால் மொத்தம் 32 கிலோ வரை. பின்சீட்டில் ஒரு பள்ளிப் பையன் ஏறியது மாதிரி.

டயர்தான் காரணமா என்று பார்க்க, காரைக்குடி பைபாஸில் ஸ்பீடோமீட்டர் 80 கி.மீ. காட்டும்படி நிதானமாக ஓட்டி, பக்கத்தில் இருப்பவரை போனில் ஜிபிஎஸ் வேகம் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பீடோமீட்டர் வழக்கமாகக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். ஆனால் பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போவதால் நிஜ வேகம் கூடிவிடும். ஜிபிஎஸ் 80-ஐத் தாண்டினால் டயர்தான், சந்தேகமே வேண்டாம்.

அலாயை விற்க வேண்டாம். அதிலேயே 195/55 ஆர்16 போட்டால் விட்டம் 621-க்கு வந்துவிடும். ஆனால் பக்கச்சுவர் குட்டை. கிராமத்து ரோட்டுப் பள்ளத்தில் வேகமாக இறக்கினால் ரிம் வளையும். காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள்.

அப்புறமும் மந்தமாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.