தங்கமீனுக்கு வளரும் பார்வை நரம்பு என் மகனுக்கு வளராதா?

கேள்வி: டொக்டர், வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். ஐந்து மாதங்களுக்கு முன் என் மகன் (வயது 21) மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து இடப்பக்கப் புருவத்தில் அடிபட்டான். கண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்தக் கண்ணுக்கு வெளிச்சமே தெரியவில்லை. பார்வை நரம்பு பழுதாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். தங்கமீனுக்கு இந்த நரம்பு அறுந்தாலும் திரும்ப வளருமாம் என்று என் மகள் படித்துச் சொன்னாள். மீனுக்கு முடிவது மனிதனுக்கு முடியாதா? என் கண்களில் ஒன்றை அவனுக்குக் கொடுக்கவும் நான் தயார். வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நகையை விற்றாவது அனுப்பலாமா?

பதில்: அம்மா, முதலில் நகையை விற்காதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் மகள் படித்தது உண்மைதான். தங்கமீனின் பார்வை நரம்பை நசுக்கினாலும் அறுத்தாலும் அது மறுபடி வளர்ந்து மூளையைப் போய்த் தொடும். சில வாரங்களில், கூடினால் சில மாதங்களில், மீனுக்குப் பார்வை திரும்பிவிடும். ஆய்வுகூடத்தில் இதை நேரிலேயே பார்க்கலாம். மீன் எப்போதும் முதுகை வெளிச்சத்தின் பக்கம் வைத்துத்தான் நீந்தும். ஒரு கண்ணின் நரம்பு போய்விட்டால் உடம்பை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நீந்தும். நரம்பு வளர வளர அந்தச் சாய்வு குறைந்து மீன் நிமிர்ந்துவிடும்.

இதைவிட வியப்பான விடயம், நரம்புக்குள் வளரும் நார்கள் வழி தவறாமல் போவது. 1940களில் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் ஸ்பெரி, தவளையின் பார்வை நரம்பை அறுத்துக் கண்ணையும் 180 பாகை திருப்பி வைத்தார். நரம்பு வளர்ந்து பார்வை வந்தது. ஆனால் பூச்சியை மேலே காட்டினால் தவளை கீழே பாய்ந்தது. கண் தலைகீழானது தெரியாமல், ஒவ்வொரு நாரும் மூளையில் தன் பழைய இடத்தையே தேடிப் பிடித்திருந்தது. நார்கள் இப்படித் தம் இடம் தேடிப் போவதை 1963இல் தங்கமீனிலும் காட்டினார்கள்.

நமக்கு ஏன் இது முடிவதில்லை? மீனின் கண் வாழ்நாள் முழுவதும் வளர்வது. விழித்திரையில் புதுக் கலங்கள் உண்டாகிக்கொண்டே இருக்கும், அவை மூளைக்குப் புது நார்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். அடிபட்டாலும் அதன் கலங்களில் பெரும்பகுதி சாகாது. பாலூட்டிகளில் கதை வேறு. எலியின் பார்வை நரம்பைக் கண்ணுக்கு அருகே அறுத்தால், இரண்டு வாரங்களுக்குள் அந்த நார்களுக்குரிய கலங்களில் பெரும்பாலானவை இறந்துவிடும். தப்பிய கலங்கள் வளரப் பார்த்தாலும், நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையில் உள்ள புரதங்களும் காயத்தில் உண்டாகும் தழும்பும் மறித்துவிடும். நம் உடம்பும் இந்த வகைதான். 2008இல் எலியின் கண் கலங்களில் பி.டி.இ.என். என்ற மரபணுவை நீக்கியபோது சில நார்கள் காயத்தைத் தாண்டி வளர்ந்தன. அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் மனிதருக்குத் தரக்கூடிய சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை. மீனிடம் உள்ள இந்த ஆற்றல் மீன் எண்ணெய்க் குளிசையாலும் வராது.

உங்கள் கண்ணைக் கொடுப்பதைப் பற்றி. இதை எழுதும்போது உங்கள் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் 1961இல் தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் உலகமெங்கும் அனுப்புவது கண்ணின் முன்புறத்துக் கருவிழிப் படலத்தைத்தான். அதைத் தைத்து ஒட்டலாம். பார்வை நரம்பிலோ பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நார்கள் உண்டு, அறுந்த பின் அவற்றை இணைக்க எவராலும் முடியாது. 2023 மே மாதம் நியூயோர்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையே மாற்றி வைத்தார்கள். அந்தக் கண்ணில் இரத்தம் ஓடியது, பார்வை வரவில்லை. உங்கள் இரண்டு கண்களும் உங்களிடமே இருக்கட்டும்.

இனி அந்த ஸ்டெம் செல் ஊசி. வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய கலங்களைத்தான் ஸ்டெம் செல் என்பார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில், விழித்திரை நோய்க்காக மூன்று பெண்களுக்கு அவர்களின் கொழுப்பில் இருந்து எடுத்த ஸ்டெம் செல்களை இரண்டு கண்களிலும் ஊசியாகப் போட்டார்கள். அதற்குத் தலா 5,000 டொலரும் வாங்கினார்கள். இருந்த பார்வையும் பெருமளவு போனது. 2017இல் மருத்துவ இதழில் வெளியான தகவல் இது. முறையான ஆய்வுக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் கேட்பதில்லை. கேட்கிறார்கள் என்றால் அங்கே போகவேண்டாம்.

உங்கள் மகனின் கண் வெளியே நன்றாகத் தெரிந்தும் வைத்தியர்கள் உறுதியாகச் சொன்னது எப்படி என்று நீங்கள் நினைக்கலாம். டோர்ச் வெளிச்சத்தை நல்ல கண்ணில் காட்டினால் இரண்டு கண்மணிகளும் சுருங்கும். உடனே அடிபட்ட கண்ணுக்கு நகர்த்தினால் இரண்டும் விரியும். அந்த நரம்பு வழியே வெளிச்சம் மூளைக்குப் போகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். இந்த மாதிரி அடியில் சிலருக்கு முதல் வாரங்களில் தானாகவே ஓரளவு பார்வை திரும்பும். ஐந்து மாதமாகியும் வெளிச்சமே தெரியவில்லை என்றால், அந்தக் கண்ணுக்கு நான் நம்பிக்கை சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அவனுக்கு இப்போது தேவை வலக் கண்ணின் பாதுகாப்பு. பவர் இல்லாவிட்டாலும் பொலிகாபனேட் (எளிதில் உடையாத பிளாஸ்டிக்) கண்ணாடி ஒன்றை வாங்கி நாள் முழுவதும் போடச் சொல்லுங்கள். ஒரு கண்ணால் தூரத்தைக் கணிக்க மூளை பழகச் சில மாதங்கள் எடுக்கும். தேத்தண்ணி ஊற்றும்போது கேத்தலின் மூக்கைக் கோப்பை விளிம்பில் தொட்டுக்கொண்டு ஊற்றட்டும். காலி வீதியைக் கடக்கும்போது தலையை இடப்பக்கம் தோள்வரை திருப்பிப் பார்த்துவிட்டுக் கால் வைக்கட்டும். கண் வைத்தியர் சொல்லும்வரை மோட்டார் சைக்கிள் வேண்டாம். வலக் கண் சிவந்தாலோ, நொந்தாலோ, மங்கினாலோ அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே தேசிய கண் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.