பக்கத்து சீட்டுக்காரர் கண்ணுக்கு எட்டாத திரை: பிரைவசி ஸ்கிரீன் வாங்கும் முன்

கேள்வி: தினமும் ரயிலில் போகும்போது லேப்டாப்பில் அலுவலகக் கணக்குகளைப் பார்க்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பது சங்கடமாக இருக்கிறது. பிரைவசி ஸ்கிரீன் வாங்கினால் உண்மையிலேயே பயன் உண்டா?

பதில்: பக்கத்து சீட்டிலிருந்து வரும் பார்வைக்கு நல்ல பயன் உண்டு. உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பவரை அது தடுக்காது. இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஏனென்றால் இதை வாங்கிப் போட்டவர்களில் பலர், இனி யாருமே பார்க்க முடியாது என்று நினைத்துப் பாஸ்வேர்டு பட்டியலைக்கூடத் திறந்து வைத்துவிடுகிறார்கள். அந்தத் தைரியம்தான் எனக்குக் கவலை.

அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். திரைமேல் போடும் அந்த மெல்லிய ஷீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் கறுப்புப் பட்டைகள் வரிசையாக நிற்கின்றன. அலுவலக ஜன்னல்களில் செங்குத்தாகத் தொங்கும் பிளைண்ட் மாதிரிதான். நேராக வரும் வெளிச்சம் பட்டைகளுக்கு இடையே புகுந்து வந்துவிடும், சாய்வாகப் போகும் வெளிச்சம் பட்டையில் மோதி அங்கேயே நின்றுவிடும். சாதாரண ஷீட்டுகளில் நேர்ப்பார்வையிலிருந்து இடமும் வலமும் சுமார் 30 டிகிரியைத் தாண்டினால் திரை கறுத்துவிடும். பக்கத்து சீட்டுக்காரர் கண் பெரும்பாலும் 45 டிகிரிக்கு அருகில் இருக்கும் என்பதால் அவருக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் தோளுக்கு மேலே பார்ப்பவர் அந்த 30 டிகிரிக்குள்தான் நிற்கிறார். உங்களுக்குத் தெரிவதெல்லாம் அவருக்கும் தெரியும். ரயிலில் முதுகுப் பக்கம் சுவரோ உயரமான சீட்டோ இருக்கும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். ஷீட்டால் முடியாததை அந்த இடம் செய்துவிடும்.

அளவு விஷயத்தில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். '14 இன்ச்' என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலமும் உயரமும் 16:9 விகிதத்தில் இருக்கும் திரை என்றால் 14 இன்ச்சுக்குக் கிட்டத்தட்ட 31 சென்டிமீட்டர் அகலம், 17.4 உயரம். அதே 14 இன்ச் 16:10 ஆக இருந்தால் அகலம் 30.2, உயரம் 18.8. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் உட்காராது. வெளிச்சம் வரும் பகுதியை மட்டும் ஸ்கேலால் அளந்து, எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அப்புறம், ஷீட்டைப் போட்டபடி லேப்டாப்பை மூடினால் மூடி ஒழுங்காகப் படிகிறதா என்று பாருங்கள். சில மெல்லிய மாடல்களில் இடைவெளியே இருக்காது. அழுத்தி மூடினால் திரை உடையக்கூடும். அப்படிப்பட்ட லேப்டாப்புக்குக் கழற்றி மாட்டக்கூடிய காந்த வகைதான் சரி, மூடும் முன் மறக்காமல் கழற்றிவிட வேண்டும்.

கேள்வி: அலுவலக மேசையில் 27 இன்ச் மானிட்டருக்கு பிரைவசி ஷீட் போட்டேன். நேராக உட்கார்ந்து பார்த்தாலே இரண்டு ஓரமும் இருட்டாகத் தெரிகிறது. மட்டமான சரக்கா?

பதில்: சரக்கு நல்லதாகவே இருக்கலாம். நீங்கள் மானிட்டருக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 27 இன்ச் திரையின் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர், அதாவது நடுவிலிருந்து ஓரம் வரை 30. கண் 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், ஓரத்தை நீங்கள் 31 டிகிரி சாய்வில் பார்க்கிறீர்கள். ஷீட் உங்களையே எட்டிப் பார்க்கும் ஆளாக நினைத்து மறைக்கிறது! நாற்காலியைப் பின்னால் தள்ளி 70, 75 சென்டிமீட்டரில் உட்கார்ந்து பாருங்கள், சாய்வு சுமார் 23 டிகிரிக்கோ அதற்கும் கீழேயோ வந்துவிடும். 14 இன்ச் லேப்டாப்பில் 50 சென்டிமீட்டரிலேயே ஓரத்தின் சாய்வு 17 டிகிரிதான் என்பதால் இந்தத் தொல்லை வருவதில்லை. தள்ளி உட்கார இடமில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேசையையே திருப்பிப் போட்டு, நீங்கள் சுவருக்கு முதுகு காட்டி, திரை சுவரைப் பார்க்கும்படி வைப்பது இதைவிட நல்ல காவல்.

கேள்வி: அம்மாவின் போனுக்கு டெம்பர்ட் கிளாஸ் கேட்டேன். கடைக்காரர் பிரைவசி கிளாஸ் ஒட்டிவிட்டார். திரை மங்கலாக இருக்கிறது, விரல் ரேகையும் சரியாக எடுக்கவில்லை என்கிறார் அம்மா. என்ன செய்வது?

பதில்: கழற்றிவிட்டுச் சாதாரண கிளாஸ் ஒட்டச் சொல்லுங்கள். பார்வை மங்கிவரும் வயதில் இருப்பவர்களுக்கு இதை ஒட்டுவதே தவறு என்பது என் கருத்து. பக்கவாட்டில் போகும் வெளிச்சத்தை நிறுத்தும்போது நேராக வரும் வெளிச்சத்திலும் ஒரு பங்கு போய்விடும். வெளிச்சம் குறையவே குறையாது என்று அட்டையில் போட்டிருந்தால் நம்பாதீர்கள். அதை ஈடுகட்ட பிரைட்னஸை ஏற்றினால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

உங்கள் அம்மா போனை எப்படி வைத்துப் பார்க்கிறார் என்றும் கவனியுங்கள். மேசையில் படுக்க வைத்து, நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து ஓடிபி படிப்பவர் என்றால், நான்கு பக்கமும் மறைக்கும் வகை கிளாஸில் அவருக்கு எதுவுமே தெரியாது. இரண்டு பக்கம் மட்டும் மறைக்கும் வகையிலும் ஒரு சிக்கல் உண்டு. வீடியோ பார்க்கப் போனைக் குறுக்காகத் திருப்பினால் பட்டைகளும் சேர்ந்து திரும்பிவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும், மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தால்தான் கறுப்பு.

ரேகை எடுக்காததற்குக் காரணம், பல போன்களில் ரேகை சென்ஸார் திரைக்கு அடியில் ஒளியை வைத்தே வேலை செய்வதுதான். கிளாஸ் ஒட்டிய பிறகு விரலைப் புதிதாகப் பதிந்தால் சில போன்களில் சரியாகும், சிலவற்றில் ஆகாது. உங்களுக்கே பிரைவசி கிளாஸ் வேண்டுமென்றால் ஒட்டுவதற்கு முன் கடையில் இதைக் கேளுங்கள். கூடவே, அதே வகை கிளாஸ் ஒட்டிய வேறு போனில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பிரைட்னஸைப் பாதியில் வைத்துப் படித்துப் பாருங்கள். எழுத்து கண்ணை உறுத்தினாலோ கோடு கோடாக அலை ஓடினாலோ வேண்டாம்.

கேள்வி: பிரைவசி வசதி உள்ளேயே இருக்கும் லேப்டாப் நல்லதா, ஷீட் போதுமா?

பதில்: எச்பி நிறுவனம் 3எம்முடன் சேர்ந்து 2016-இல் 'ஷ்யூர் வியூ' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் வெளிச்சம் குறுகும், மறுபடி தட்டினால் விரியும். ஒரே நாளில் தனியாகவும் வேலை பார்த்து, நாலு பேருக்குத் திரையைத் திருப்பியும் காட்ட வேண்டியவருக்கு இது வசதி. மற்றவர்களுக்கு ஷீட்டே போதும். வாங்குவதானால், பிரைவசியை அணைத்த நிலையிலும் திரையைப் பாருங்கள். உங்கள் நேரத்தில் பெரும்பகுதி அப்படித்தான் கழியும்.

கேள்வி: எனக்கு நேர்மாறான பிரச்சினை. டிவியைப் பக்கவாட்டு சோபாவிலிருந்து பார்த்தால் வெளுத்துத் தெரிகிறது. அதைச் சரிசெய்ய ஏதாவது ஷீட் உண்டா?

பதில்: வீட்டில் ஒட்டிச் சரிசெய்யும்படி, நான் பரிந்துரைக்கக்கூடிய ஷீட் எதுவும் இல்லை. இது பேனலின், அதாவது டிவிக்குள் படம் காட்டும் பலகையின் குணம். எல்சிடி டிவிகளில் விஏ பேனல் நேராகப் பார்த்தால் கறுப்பை அழகாகக் காட்டும், சாய்ந்தால் வெளுக்கும். ஐபிஎஸ் பேனல் சாய்வைத் தாங்கும். எல்சிடி அல்லாத ஓஎல்இடி டிவி அதைவிட நன்றாகத் தாங்கும். அட்டையில் பார்வைக் கோணம் 178 டிகிரி என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 10:1 வரை விழுந்த பிறகும் அதைத் 'தெரிகிறது' என்று கணக்கில் சேர்த்துச் சொல்லும் எண் அது. இப்போதைக்குச் சுவரில் திருப்பக்கூடிய ஸ்டாண்டு மாட்டி, அதிகம் பேர் உட்காரும் பக்கம் டிவியைத் திருப்பி வையுங்கள்.