கிரீன் ஸ்டஃபில் நெருடும் கட்டிகள்

கிரீன் ஸ்டஃப் என்பது சின்னச் சின்ன மினியேச்சர் உருவங்கள் வடிக்கப் பயன்படும், நீலம், மஞ்சள் என இரண்டு பாகங்களைப் பிசைந்து கலக்கும் எபாக்சி மாவு. அதில் நீங்கள் வடிக்கும் மந்திரவாதி உருவத்தின் அங்கியில் கட்டிகள் நெருடுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். பட்டையில் நீலமும் மஞ்சளும் ஒட்டியிருக்கும் நடுக்கோட்டை, இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் சேர்த்து, கத்தியால் நறுக்கி எறிந்துவிட்டு மீதியை மட்டும் பிசையுங்கள். உங்கள் மந்திரவாதியின் அங்கியில் மணல்போல நெருடும் அந்தக் கட்டிகள் வராது.

பட்டையாக வரும் கிரீன் ஸ்டஃபில் இரண்டு நிறமும் தொடும் இடம் பாக்கெட்டுக்குள்ளேயே இறுகத் தொடங்கிவிடும். அப்புறம் எவ்வளவு பிசைந்தாலும் கரையாது. உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை.

பட்டாணி அளவு பிசைந்து, ஈர விரலால் கண்ணாடித் துண்டின் மேல் மெல்லியதாகத் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கட்டி இருந்தால் புள்ளிபுள்ளியாகத் துருத்தி நிற்கும். மடிப்பு போடும் முன்பே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் கூரான விளிம்பில் ஒன்று சிக்கினால் கருவி அதையும் இழுத்துக்கொண்டு போய்க் கோடு கிழித்துவிடும்.

24 மணி நேரம் கழித்தும் நகம் பதிகிறதென்றால் அது வேறு சிக்கல்: மஞ்சள் கூடியிருக்கும், அல்லது சரியாகக் கலந்திருக்காது.