சங்கைத் திருப்பாதீர்கள், சுழற்றுங்கள்: போனில் வரையும்போது காப்பி, பேஸ்ட்

பாம்பனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் சங்கு, சிப்பிப் பொருள் வியாபாரம். கடை வாசலில் மாட்ட 6 அடிக்கு 3 அடியில் ஒரு பேனரை நானே போனில் வரைகிறேன். ஐபிஸ் பெயின்ட் எக்ஸ் ஆப், ஆண்ட்ராய்டு போன், விரலால்தான் வரைகிறேன். ஒரு சங்கு, ஒரு மீன், ரயில் பாலத்தின் ஒரு தூண் என்று வரைந்துவிட்டு, அதையே காப்பி செய்து படம் முழுக்க ஒட்டலாம் என்று நினைத்தேன். சில சமயம் பேஸ்ட் செய்தால் ஒன்றும் வருவதில்லை. சில சமயம் மீனைச் சுற்றி வெள்ளைக் கட்டம் வருகிறது. பெரிதாக்கினால் கலங்கிப் போகிறது. என்ன தப்பு செய்கிறேன்?"

முதலில் ஒட்டாத விஷயத்தைப் பார்த்துவிடலாம். வரையும் ஆப்களில் காப்பி என்பது கண்ணுக்குத் தெரிகிற படத்தை எடுப்பதில்லை. படம் லேயர்களாக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள்போல் அடுக்கப்பட்டிருக்கும். நீங்கள் அந்த நேரத்தில் நிற்கிற லேயரில் இருப்பதை மட்டுமே காப்பி எடுக்கும். சங்கின் கோடு ஒரு லேயரில், வண்ணம் இன்னொரு லேயரில் இருந்து, நீங்கள் மூன்றாவதாக ஒரு வெற்று லேயரில் நின்றுகொண்டு லாஸ்ஸோவால் (சுற்றி வளைத்துத் தேர்ந்தெடுக்கும் கருவி) சங்கைச் சுற்றி வளைத்தால், காப்பியாவது வெறும் காற்றுதான். அதனால் சங்கை முடித்ததும் அதன் கோட்டு லேயரையும் வண்ண லேயரையும் ஒன்றாக இணைத்துவிட்டு, அந்த லேயரைத் தொட்டுத் தேர்ந்தெடுத்த பிறகு சுற்றி வளையுங்கள். பிறகு காப்பி, பேஸ்ட்.

பல நேரங்களில் ஒட்டியது ஒட்டியபடிதான் இருக்கும். நகல் அசலுக்கு நேர் மேலேயே, இம்மி பிசகாமல் விழுந்திருப்பதால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். லேயரை டூப்ளிகேட் செய்தாலும் இதே கதைதான். லேயர் பட்டியலைத் திறந்து பாருங்கள். புதிதாக ஒன்று முளைத்திருந்தால் அதை நகர்த்தினால் போதும். இன்னொன்று, ஒட்டி முடித்ததும் தேர்வை நீக்கிவிடுங்கள். அதை அப்படியே விட்டால், அந்த வளையத்துக்கு வெளியே தூரிகை வேலை செய்யாது. ஆப் கெட்டுவிட்டது என்று அதை அழித்து மறுபடி ஏற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் போனிலேயே இருக்கிற ஓவியங்களும் போய்விடும், எச்சரிக்கை.

வெள்ளைக் கட்டத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். மீனை வரைந்த லேயரிலேயே நீங்கள் வெள்ளை வண்ணம் ஊற்றியிருக்கலாம். அல்லது அதை ஜேபெக் படமாகச் சேமித்து, மறுபடி உள்ளே கொண்டுவந்திருக்கலாம். ஜேபெக்கில் 'இங்கே ஒன்றும் இல்லை' என்று சொல்ல வழியே கிடையாது. வெற்றிடத்தையும் ஏதாவது ஒரு வண்ணத்தால் நிரப்பியாக வேண்டும், பெரும்பாலும் வெள்ளை. ஆகவே ஒட்டுவதற்கான உருப்படிகளை எப்போதும் பின்னணி இல்லாத பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஐபிஸ் பெயின்டில் அதற்கென்றே தனித் தேர்வு இருக்கிறது. ஏற்கெனவே கட்டம் விழுந்த மீனைக் காப்பாற்ற, மந்திரக்கோல் கருவியால் வெளி வெள்ளையைத் தொட்டுத் தேர்ந்தெடுத்து, அந்தத் தேர்வை ஓரிரு பிக்சல் (படத்தின் மிகச் சிறிய புள்ளி) விரித்து அழியுங்கள். விரிக்காமல் அழித்தால் மீனைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல் ஒரு வெள்ளை விளிம்பு மிஞ்சும். தாளில் பேனாவால் வரைந்த படமென்றால், உள்ளே எடுக்கும்போதே 'கோட்டை மட்டும் பிரிக்கவா' என்று ஆப் கேட்கும். சரி என்றால் கறுப்புக் கோடு மட்டும் நின்று, தாள் மறைந்துவிடும்.

அடுத்து கலங்கல். உங்கள் மீன் 200 பிக்சல் அகலத்தில் இருக்கிறது, அதை 800 ஆக இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு புள்ளியின் இடத்திலும் இப்போது 16 புள்ளிகள் வேண்டும். மீதி 15 புள்ளிகளை நீங்கள் வரையவில்லை. ஆப் அக்கம்பக்கம் பார்த்து உத்தேசமாக நிரப்புகிறது. அதுதான் அந்தக் கலங்கல். சிறிதாக்கி, சேமித்து, மறுபடி பெரிதாக்கினால் இன்னும் மோசம். சாய்த்துச் சுழற்றும் ஒவ்வொரு முறையும் புள்ளிகள் புதிதாகக் கணக்கிடப்படுவதால் கொஞ்சம் தெளிவு போகும். அளவு, சாய்வு, இடம் மூன்றையும் ஒரே தடவையில் சரிசெய்து, அதன் பிறகே டிக் குறியைத் தொடுங்கள்.

இதற்கு நான் பிடிவாதமாகச் சொல்லும் வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு தாய்ப் படம் வைத்துக்கொள்ளுங்கள். சங்கை 2000க்கு 2000 பிக்சல் உள்ள தனி ஓவியமாக வரைந்து, பின்னணி இல்லாத பிஎன்ஜியாகச் சேமித்துவிடுங்கள். பேனரில் எத்தனை சங்கு வேண்டுமோ, அத்தனையையும் தாயிலிருந்தே எடுத்துச் சிறிதாக்குங்கள். நகலிலிருந்து நகல் எடுக்க வேண்டாம்.

பேனரின் அளவையும் கணக்குப் போட்டுவிடுவோம். 6 அடி என்பது 72 அங்குலம், 3 அடி 36 அங்குலம். பத்திரிகைக்கு அச்சடிப்பதுபோல் அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 21,600க்கு 10,800, போன் தாங்காது. தெருவில் தள்ளி நின்று பார்க்கிற ஃபிளெக்ஸுக்கு 72 போதும்: 5184க்கு 2592. அடிக்கப்போகும் கடையில் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்போது 10 அங்குல உயரச் சங்குக்கு 720 பிக்சல்தான் தேவை. 2000 பிக்சல் தாய் தாராளம். பேனரின் இந்த 5184க்கு 2592 அளவில் ஒரு லேயரே, சுருக்காமல் வைத்தால், நினைவகத்தில் சுமார் 54 எம்பி பிடிக்கும். ஒவ்வொரு பேஸ்ட்டும் ஒரு லேயர் என்றால் எத்தனை சங்கில் போன் திணறும் என்று யோசியுங்கள். இடம் முடிவானதும் நகல்களை ஒரே லேயராக இணைத்துவிடுங்கள். தாய் தனியாகப் பத்திரமாக இருப்பதால் பயமில்லை.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடைக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பேனரின் இடது ஓரத்தில் சங்கு வைத்தவுடன், வலது ஓரத்துக்கு அதையே கண்ணாடிபோல் இடவலம் திருப்பி வைக்கத்தான் கை போகும். செய்யாதீர்கள். மன்னார் வளைகுடாவில் எடுக்கும் சங்கு ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. திருப்பிய மறுநொடி உங்கள் சங்கு வலம்புரியாகிவிடும். வலம்புரி எவ்வளவு அபூர்வம், அதைச் சொல்லி எவ்வளவு ஏமாற்று நடக்கிறது என்பது சங்குக் கடைக்காரர் வீட்டுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேனரில் வலம்புரியைப் போட்டுவிட்டு, கேட்டு வருகிறவரிடம் இல்லை என்று சொல்வது நன்றாகவா இருக்கும்?

நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். ஒரு அழைப்பிதழுக்கு இரு பக்கமும் சங்கு வைத்து, ஒன்றைத் திருப்பிவிட்டேன். அச்சான பிறகு, இளவயதில் சங்கு குளித்த பெரியவர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் விரலை வைத்தார்: "தம்பி, இது ஒண்ணு வலம்புரில்ல?" அன்றிலிருந்து சுருள் உள்ள எதையும் நான் திருப்புவதில்லை.

சுழற்றினால் ஒன்றும் ஆகாது. எத்தனை டிகிரி சுழற்றினாலும் இடம்புரி இடம்புரிதான், தலைகீழாகச் சுழற்றினாலும் அப்படியே. கண்ணாடித் திருப்பம் மட்டுமே சுருளின் திசையை மாற்றும். வலது ஓரத்துக்கு அதே சங்கைச் சற்றுச் சாய்த்தோ, தலைகீழாகச் சுழற்றியோ வையுங்கள். சரிபார்க்க: சுருள் முனை மேலேயும் வாய் உங்களைப் பார்த்தும் இருக்கும்படி படத்தைச் சுழற்றிப் பாருங்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் அது நம் வழக்கமான இடம்புரி. பெயருக்கு எதிராக இருக்கிறதே என்று தோன்றும். சங்கை வால் முனை மேலே வரும்படி பிடித்துப் பார்த்தால் பெயர் பொருந்திவிடும். இடவலச் சமச்சீர் அளவுகோலை இயக்கிவிட்டு வரைந்தாலும் இதே கோளாறு வரும், மறந்துவிடாதீர்கள்.

மீனில் வேறு விதமான கவனம் வேண்டும். சூடை மீன் கூட்டம் வரைவதாக இருந்தால் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நீந்துவதுதான் இயல்பு, திருப்பவே தேவையில்லை. ஒரு தாய் போதாது, மூன்று வரையுங்கள்: ஒன்று நேராக, ஒன்று வால் வளைந்து, ஒன்று வாய் கொஞ்சம் திறந்து. மூன்றையும் கலந்து, அளவை மாற்றி, தொலைவில் இருப்பதன் வண்ணத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால் கூட்டத்துக்கு உயிர் வரும். மேல்கீழாக மட்டும் திருப்பிவிடாதீர்கள். முதுகு கறுத்து வயிறு வெளுத்திருப்பது மீனின் இயல்பு. வயிறு மேலே தெரிந்தால் பாம்பனில் சின்னப் பிள்ளைகூடச் செத்த மீன் என்று சொல்லிவிடும்.

பாலத்துக்கு வருவோம். காப்பி, பேஸ்ட்டுக்கென்றே கட்டியதுபோன்ற பாலம் அது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 18.3 மீட்டர் நீளத்தில் 99 கண்கள் (ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடைப்பட்ட பகுதிதான் ஒரு கண்), நடுவே கப்பல் போக மேலே ஏறும் 72.5 மீட்டர் தூக்குக் கண் ஒன்று. ஒரு கண்ணை ஒழுங்காக வரைந்துவிட்டால் பாலத்தின் பெரும்பகுதி முடிந்தது. ஆனால் ஒரு கண் என்றால் இரண்டு பக்கமும் தூண் போட்டுவிடாதீர்கள். ஒட்டும்போது தூண்கள் இரட்டையாகிவிடும். ஒரு பக்கம் தூண், அதிலிருந்து அடுத்த தூண் வரை தண்டவாளம், அவ்வளவுதான் ஒரு அலகு.

அதை ஒவ்வொன்றாக ஒட்டவும் வேண்டாம். ஒன்றை டூப்ளிகேட் செய்து பக்கத்தில் வைத்து இணையுங்கள், இரண்டாகும். அந்த இரண்டை டூப்ளிகேட் செய்தால் நான்கு, பிறகு எட்டு, பதினாறு. தூக்குக் கண்ணுக்கு நான்கு கண் அளவு இடைவெளி விட்டால் விகிதம் சரியாக வரும். 99-ஐயும் போட ஆசைப்படாதீர்கள். 5184 பிக்சல் அகலத்தில் ஒரு கண்ணுக்கு 50 பிக்சல்தான் கிடைக்கும், தள்ளி நின்று பார்த்தால் சீப்புப் பல்லாகத் தெரியும். தூக்குக் கண்ணுக்கு இரு புறமும் எட்டு எட்டாக வைத்தால் போதும்.

சாலைப் பாலத்தில் நின்று பார்ப்பதுபோல் தூரம் போகப்போகச் சிறுத்துத் தெரிய வேண்டுமா? தூண்களை ஒவ்வொன்றாகச் சிறிதாக்கினால் இடைவெளி ஒத்துவராது. வரிசை முழுவதையும் நேராக ஒட்டி இணைத்த பிறகு, உருமாற்றக் கருவியில் உள்ள கோண உருமாற்றத்தை எடுத்து ஒரு பக்கத்து இரு மூலைகளையும் நெருக்குங்கள். தூணும் இடைவெளியும் சேர்ந்தே குறையும்.

கடைப் பெயரை எல்லாம் முடிந்த பிறகு தனி லேயரில் எழுதுங்கள். அச்சுக்கு அனுப்பும்போது வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் அது படத்தைச் சுருக்கி ஜேபெக்காக்கிவிடும். அடிப்பதற்கு முன் கடையில் அவர்கள் கணினித் திரையில் ஒரு தடவை படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, சங்கின் வாய் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள்.