வாசகர் கேள்வி பதில்: ஆஸ்டெக் பள்ளியும் ஸ்பெயின் பள்ளியும்

கேள்வி: ஸ்பெயின்காரர்கள் போய் இறங்குவதற்கு முன்பே மெக்சிகோவில் வாழ்ந்த ஆஸ்டெக் மக்கள் எல்லாப் பையன்களையும் பள்ளிக்கு அனுப்பினார்கள், ஸ்பெயினில் அப்போது குடியானவர் பிள்ளைக்கு எழுத்தே தெரியாது என்று கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். நம்பலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: இரண்டும் பெரும்பாலும் சரிதான், ஆனால் பள்ளிக்குப் போனதால் எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்டெக் பேட்டை ஒவ்வொன்றிலும் ‘தெல்போச்கல்லி’ என்று ஒரு வாலிபர் கூடம் உண்டு, சாதாரணக் குடும்பத்துப் பையன்கள் அங்கேதான் தங்குவார்கள், கற்றது பெரும்பாலும் போர்ப் பயிற்சியும் ஊர் வேலையும்தான். சித்திர ஏடு வாசிப்பது, நாள்காட்டி கணிப்பது, சபையில் பேசுவது எல்லாம் ‘கால்மெகாக்’ என்ற கோயில் பள்ளியில். அங்கே பெரும்பாலும் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள். ஸ்பெயினில் சலமான்கா பல்கலைக்கழகம் 1218-லேயே தொடங்கிவிட்டது, ஆனால் வயலில் வேலை செய்தவர் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? ஆக, ஏடு இரண்டு நாட்டிலும் ஏழை கைக்கு எட்டவில்லை. எல்லாப் பையன்களுக்கும் ஒரு கூடம் என்று ஆஸ்டெக் சமூகம் நினைத்ததே பெரிய விஷயம், அதை நான் மதிக்கிறேன். அந்தக் கூடம் படைக்கு ஆள் தேற்றியது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கு முந்தைய வளர்ப்பைப் பார்க்க வேண்டுமானால், 1541 வாக்கில் அந்த ஊர் ஓவியர்களே வரைந்த ‘மெண்டோசா’ ஏடு இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு வேளைக்கு எத்தனை மக்காச்சோள ரொட்டி என்றுகூட வரைந்திருக்கிறார்கள்: மூன்று வயதில் அரை, நாலில் ஒன்று, ஆறில் ஒன்றரை, பதின்மூன்றில் இரண்டு. சொல்பேச்சு கேட்காத பதினோரு வயதுப் பையனை அப்பா மிளகாய்ப் புகையில் பிடித்திருக்கிறார், பையன் கண்ணில் நீர் வழிகிறது. நம் திண்ணைப் பள்ளியில் பையனைக் கயிற்றில் தொங்கவிட்ட ‘கோதண்டம்’ பற்றிக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பெண் பிள்ளை பக்கத்திலேயே நூல் நூற்கிறாள், அப்புறம் மாவரைக்கிறாள், பதினாலு வயதில் தறியில் உட்காருகிறாள்.

கேள்வி: ஸ்பெயின்காரர்கள் வந்தபின் அந்தப் பள்ளிகள் என்ன ஆயின?
- வாசகி, நீடாமங்கலம்

பதில்: 1521-ல் தலைநகர் டெனோச்டிட்லான் விழுந்தது, கோயில்களோடு கோயில் பள்ளிகளும் போயின. 1536-ல் பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவிகள் ட்லாடெலோல்கோ என்ற இடத்தில் ஒரு கல்லூரி தொடங்கி, பழைய பிரபுக்களின் பிள்ளைகளுக்கு லத்தீன் கற்பித்தார்கள். பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள். சாகுன் என்ற துறவி ஆஸ்டெக் மக்களின் வாழ்க்கையை அவர்களுடைய நாவாட்ல் மொழியில் பன்னிரண்டு பாகமாகத் தொகுத்தபோது உடன் உழைத்ததும் அங்கே படித்தவர்கள்தான். மேலே சொன்ன பள்ளிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தத் தொகுப்பிலிருந்து வருகிறது. இவ்வளவு படித்தும், பழங்குடியினருக்குக் குருப்பட்டம் கிடையாது என்று 1555-ல் மெக்சிகோவில் கூடிய திருச்சபை மன்றம் தீர்மானித்துவிட்டது. இது அநியாயம்.