மெகீயின் அலமாரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொன்ன ‘ஃபிபர் மெகீ அண்ட் மாலி’ என்ற பழைய அமெரிக்க வானொலி நகைச்சுவைத் தொடரை ஒரே மூச்சில் பத்துப் பகுதி கேட்டேன். மெகீ அலமாரியைத் திறக்கிறார், உள்ளே திணித்து வைத்த சாமானெல்லாம் தடதடவென்று சரிகிறது, கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. கொஞ்ச நேரத்தில் வேறொரு பகுதியிலும் அதே. எனக்குச் சிரிப்பே வரவில்லை. இது அந்தக் காலத்தோடு முடிந்துபோன நகைச்சுவையா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பிரச்சினை அந்த ‘ஒரே மூச்சில்’தான். 1935இல் என்பிசி வானொலியில் தொடங்கிய தொடர் இது, பெரும்பாலான ஆண்டுகள் செவ்வாய் இரவில் மட்டும் வந்தது. அலமாரி 1940இல் ஒருமுறை செய்து பார்த்த வேடிக்கை, பிடித்துப்போனதால் நிலைத்துவிட்டது. ஆனால் எல்லா வாரமும் திறக்க மாட்டார்கள். அதனால் எதையோ தேடிக்கொண்டு மெகீ அந்தப் பக்கம் போனாலே, கதவு திறக்கும் முன்பே, அரங்கில் சிரிப்பு கிளம்பிவிடும். அப்புறம் சரிவு, எல்லாம் ஓய்ந்த பிறகு கடைசியாக ஒரு சின்ன மணி ‘டிங்’ என்று ஒலிக்கும், ஒருநாள் இதைச் சுத்தம் பண்ண வேண்டும் என்று மெகீ சொல்வார். இன்னொருமுறை கேட்கும்போது அந்த மணிக்காகக் காத்திருந்து பாருங்கள். ஒரு பகுதியில் வீட்டுக்குள் நுழைந்த திருடனிடம், வெள்ளிச் சாமான் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது, இழுத்துத் திற என்கிறார் மெகீ. மிச்சத்தை அமெரிக்கா முழுக்க ஊகித்திருக்கும்!

அந்த அலமாரியில் என்ன இருந்தது என்று யாரும் பார்த்ததில்லை என்பதுதான் அதன் பலம், கேட்டவர்கள் தங்கள் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களையே அதில் அடுக்கிக்கொண்டார்கள். 1959இல் வேறு நடிகர்களை வைத்துத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனார்கள், சில மாதங்களில் நின்றுவிட்டது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

சரி, அலமாரியை விடுங்கள். நான் இந்தத் தொடரைத் திரும்பத் திரும்பக் கேட்பது மெகீயின் மனைவி மாலிக்காக. மெகீயாகவும் மாலியாகவும் நடித்த ஜிம் ஜோர்டனும் மரியன் ஜோர்டனும் நிஜத்திலும் கணவன் மனைவி, இல்லினாய் மாநிலத்தின் பியோரியா ஊர்க்காரர்கள். மெகீ அளப்பார், அசட்டு ஜோக் அடிப்பார், நீங்கள் எழுதியதைத்தான் மாலியும் சொல்வாள்: “சிரிப்பே வரல, மெகீ.” ஆனால் அந்தக் குரலில் எரிச்சல் இருக்காது, இந்த மனுஷன் இப்படித்தான் என்று தெரிந்தே கூட வாழ்கிற பிரியம் இருக்கும். டான் குவின் எழுதிய வசனத்தில் இதற்கெல்லாம் விளக்கம் கிடையாது, மரியனின் குரலே போதுமானதாக இருந்தது. பக்கத்து வீட்டுக் குட்டிப்பெண் டீனி வந்து மெகீயைக் குடைந்தெடுப்பாளே, அதுவும் மரியன்தான், டீனி வரும்போது மாலி உள்ளே போயிருப்பாள், கவனித்தீர்களா?

வாரம் ஒன்று வீதம், 1940களின் பகுதிகளாக எடுத்துக் கேளுங்கள். வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள். இரண்டு மாதம் கழித்தும் சிரிப்பு வரவில்லை என்றால் எழுதுங்கள், பேசுவோம்.