வீடாக மாற்றிய வேனுக்கு எந்தக் காப்பீடு?

வணக்கம் ஐயா. பழைய டெம்போ டிராவலரில் படுக்கையும் அடுப்பும் பொருத்திச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓட்டப்போவதாகவும், பிறருக்கு நேரும் இழப்பை மட்டும் ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். சட்டத்துக்கு அது போதும். ஆனால் அந்த மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எதிலாவது உங்கள் வண்டியே பாறையில் உரசினால் அதிலிருந்து ஒரு ரூபாயும் கிடைக்காது என்பதால், முழுமையான பாலிசியையே எடுங்கள்.

அதற்கு முன், மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெற்று, செய்த மாற்றங்களை ஆர்.சி.யில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) பதிந்துவிடுங்கள். பதியாமல் விட்டால், இழப்பீடு கேட்கும் நாளில் காப்பீட்டு நிறுவனம் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். பொருத்திய சாமான்களின் மதிப்பையும் ரசீதுகளுடன் தனியே அறிவித்துப் பாலிசியில் எழுதச் சொல்லுங்கள். துணிமணி, மடிக்கணினி போன்றவை இதில் அடங்கா. வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் முகவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தனிப்பயன்பாட்டுப் பாலிசி வாடகை ஓட்டத்தில் நேரும் சேதத்தை ஏற்காது.